மலையடியில் விருந்து புரந்த மகளிர்



அண்ணாமலையின் மேற்குத் திசையில், கிரிவலப் பாதையின்மேல் அமைந்த ஊர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை அருளிய இடம் இது என்று மக்கள் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். அவர்க்கெனத் தனிக்கோயிலும் இங்கே உண்டு. இருபது பாடல்களால் அமைந்த திருவெம்பாவையில் கேட்கும் குரல்கள் பெண்களுடையவை. விடியுமுன் எழுந்து, வாயில்தோறும் நின்று, உறங்கும் தோழியரை எழுப்பி உடன் அழைத்துச் செல்லும் பெண்கள் அவர்கள். 'வருக' என்று அழைப்பதே அவர்களின் பணி. இதே மலையை நாடி வெளியூர்களிலிருந்து வந்தவர்களை 'வருக, உண்க, தங்குக' என்று ஏற்றுக்கொண்ட மகளிர் சிலரின் வரலாறே இவ்வுரையின் பொருள். அவர்களுள்ளும், மலையடியில் வெளியூரார் தங்குவதற்கு முறையான ஒரு விடுதி எழக் காரணமாக இருந்த பெரோசா தலையார்கான் என்னும் பார்சி அம்மையாரின் பணி சிறப்பாக எண்ணிப் பார்க்கப்பட வேண்டியது.

மலைக்கு வருவோரை எதிர்கொண்டு ஏற்பது இப்பகுதிக்குப் புதிய வழக்கம் அன்று. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் இம்மாவட்டத்து மண்ணில் விளைந்த நூல். செங்கண்மா எனப்பட்ட செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னன் சேய் நன்னனை, இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடினார். பரிசு பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிர்வரும் கூத்தனுக்கு மலைவழியைச் சொல்லி ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. பாம்பு இருக்கும் இடம் எது, வழுக்கும் பாறை எது, பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்பன எல்லாம் அதில் சொல்லப்படுகின்றன. மலைக்குச் செல்வோர்க்கென எழுந்த பழைய வழிகாட்டி நூல் அது என்று கூறினால் மிகையாகாது. வழியிலுள்ள குறவர் குடிலில், வாயிலில் நின்று கேட்கவும் வேண்டாமல், சொந்த வீட்டுக்குள் புகுவதுபோல் புகலாம் என்று கூத்தன் உறுதி கூறுகிறான். அத்தகைய உறுதியை அவன் கூற முடிந்ததற்குக் காரணம், அந்தக் குடிலின் அடுப்பை அணையாமல் காத்த பெண்களே என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

விருந்தோம்பலை வள்ளுவர் இல்லறவியலில் வைத்தார். கோவலனைப் பிரிந்திருந்த நாள்களில் தான் இழந்தவற்றை மாதரி இல்லத்தில் எண்ணிச் சொல்லும் கண்ணகி, விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறாள். கணவன் உடனில்லாத பெண் விருந்து ஏற்பது அந்நாளைய அறநெறியில் இயலாததாக இருந்தது என்பது இதனால் பெறப்படும். அண்ணாமலை அடிவாரத்தில் விருந்து புரந்த மகளிரோ பெரும்பாலும் கணவனை இழந்தவர்கள். சிலர் பிள்ளைகளையும் இழந்தவர்கள். கண்ணகி இழந்ததாக வருந்திய அந்த அறத்தை, இல்லறத்திற்கு வெளியே நின்று அவர்கள் மீட்டெடுத்தனர். இந்த வேறுபாடு இலக்கியம் பயில்வோர் கருதத்தக்கது.

மலைகள் வெளியூரார் வந்து தங்கும் இடங்களாக மாறிய வரலாறு உலகெங்கும் ஒன்றுபோல் அமையவில்லை. நீலகிரியில் அது ஆட்சியாளர் வழி நிகழ்ந்தது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் அம்மலைக்குச் சென்றார்; அடுத்த சில ஆண்டுகளில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை வாங்கிக் கல்வீடு கட்டினார். பின்னர் உதகமண்டலம் சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரமாயிற்று. அந்நகரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவோர் சல்லிவன் பெயரிலேயே தொடங்குவர். அவரோடு அந்த மலைவாழ்வைப் பகிர்ந்துகொண்ட மனைவி என்ரியேட்டாவின் பெயரைக் காண வேண்டுமானால் புனித ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்திற்குத்தான் செல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு பெண்ணே முன்னின்று மலைநகரை உருவாக்கியதும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைச் சாரலில் உழவர் ஊராக இருந்த மெஜேவைத் தேர்ந்து, 1920களின் தொடக்கத்தில் அங்கே மோன் தார்புவா என்னும் மலைச்சரிவில் தங்கும் விடுதி எழுப்பியவர் நோயெமி தெ ரோத்சில்டு. சுவிட்சர்லாந்தின் சென்ட் மோரிட்சுக்கு இணையான ஓர் இடம் தம் நாட்டில் வேண்டும் என்பது அவரது நோக்கம். பனிச்சறுக்குக்குப் புகழ்பெற்ற நகரமாக மெஜேவ் இன்று விளங்குகிறது. துணிவும் தொலைநோக்கும் அவரிடம் இருந்தன. பெருஞ்செல்வம் படைத்த குடும்பத்தின் துணையும் இருந்தது.

அண்ணாமலையில் நிகழ்ந்தது இவ்விரண்டினும் வேறானது. இங்கே ஆட்சியாளர் ஆணையும் இல்லை. தொடங்கியவர் கையில் செல்வமும் இல்லை. ஒரு பானைச் சோற்றிலிருந்து அது தொடங்கியது.

1896 செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயது வேங்கடராமன் திருவண்ணாமலையில் இரயிலை விட்டு இறங்கினார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர் 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்சி குகையில் வாழ்ந்தார். அவரைக் காண வந்தோர்க்கு அங்கே நிழல் இருந்தது, உணவு இல்லை. குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த ஒரு மூதாட்டி மலையில் அலைந்து கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவரது இயற்பெயரை ஊர் மறந்தது. கீரைப்பாட்டி என்ற பெயரே நின்றது. 1921இல் அவர் மறைந்தார். ஆசிரமத்திற்கு 1926இல் வந்து சேர்ந்த பசு இலட்சுமி அப்பாட்டியின் மறுபிறவியே என்று நம்பிய அடியார் பலர். அந்நம்பிக்கையை ஏற்பினும் ஏற்காவிடினும், உணவிட்டவரை இழக்க மனமின்றி மீண்டும் ஓர் உருவில் காண விழைந்த நன்றியுணர்வு அதில் வெளிப்படுகிறது.

அடுத்தவர் எச்சம்மாள். போளூர் வட்டத்து மண்டகொளத்தூரைச் சேர்ந்தவர். கணவன், மகன், மகள் மூவரையும் அடுத்தடுத்து இளமையிலேயே பறிகொடுத்தவர். துயர் ஆற மாட்டாமல் அலைந்து, விரூபாட்சி குகையை அடைந்து, அங்கே அமைதி கண்டார். பின்னர் ஊருக்குத் திரும்பாமல் திருவண்ணாமலையிலேயே வீடு எடுத்துத் தங்கி, நாள்தோறும் சமைத்து மலையேறி வந்து உணவு படைத்தார். மலையை நாடி வந்த அடியார்க்கும் அவரது வீடு உண்ணும் இடமாயிற்று. 1945இல் மறையும் வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணி தொடர்ந்தது. 

1916இல் ரமணரின் அன்னை அழகம்மாள் மகனோடு வாழ மலைக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் இருப்பிடம் விரூபாட்சி குகையிலிருந்து கந்தாசிரமத்திற்கு மாறியது. அதுவரை ஊரிலிருந்து வரும் உணவையே எதிர்பார்த்திருந்த இடத்தில் அன்னையார் அடுப்பு மூட்டினார். இன்று ரமணாசிரமத்தில் நாள்தோறும் பலர் அமர்ந்து உண்ணும் அந்தப் பெரிய சமையற்கூடத்தின் மூலம் அந்தச் சிறு அடுப்பே. 1922 மே 19ஆம் நாள் அவர் மறைந்தார். அவரை அடக்கம் செய்த அடிவாரத்திலேயே ஆசிரமம் எழுந்தது. மலைமேல் இருந்த வாழ்வை மலையடிக்கு இறக்கியவரும், அவ்வகையில், ஒரு பெண்ணே.

காரைக்காலிலிருந்து வந்த அலங்காரத்தம்மாளும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். முதலியார் பாட்டி என்றே அவர் அறியப்பட்டார். காரைக்கால் என்றதும் அவ்வூர் அம்மையாரின் வரலாறு நினைவுக்கு வரும். பசித்து வந்த சிவனடியாருக்குக் கணவன் அனுப்பிய மாங்கனியை இட்டதில் தொடங்குகிறது அம்மையாரின் கதை. கயிலை மலையில் தலையால் நடந்து செல்வதில் அது நிறைவெய்துகிறது. ஓர் இலைச் சோற்றிலிருந்து மலைக்குச் செல்லும் வழி காரைக்காலுக்குப் பழக்கமானதுதான் போலும். முதலியார் பாட்டி கண் மங்கிய முதுமையிலும் உணவு கொண்டுவரும் கடமையை விடவில்லை. 1949இல் அவர் மறைந்தார்.

எச்சம்மாளும் முதலியார் பாட்டியும் உணவு கொண்டுவருவது இனி வேண்டாம் என்று ஒரு சமயம் நிறுத்தப்பட்டதை அடியார்களின் நினைவுக் குறிப்புகள் பதிவு செய்கின்றன. உணவு மணி அடித்தது, ரமணர் எழவில்லை. காரணம் விளங்கியபின் அம்மையரை அழைத்துவர ஆள் சென்றது. அவர்கள் வந்த பிறகே அவர் உண்ண எழுந்தார். சத்திரங்கள் சாதி பார்த்து இலை போட்ட காலம் அது. வேறு வேறு சாதியில் பிறந்த இவ்விரு பெண்களின் உணவும் ஒரே இலையில் விழுந்தது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

உணவு ஒருவாறு அமைந்தது. தங்கும் இடமோ அமையவில்லை. 1931இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் இங்கு வந்தார். அவர் 1934இல் வெளியிட்ட நூல் அண்ணாமலையின் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது. 1938இல் சாமர்செட் மாம் வந்தார். வடநாட்டிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வருவோர் தொகை பெருகியது. நகரத்துச் சத்திரங்கள் ஆசிரமத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருந்தன. 1935இல் வந்த மேஜர் சாட்விக், ஆசிரம எல்லைக்குள்ளேயே குடில் அமைத்துத் தங்கினார். பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இருள் கவியுமுன் மகளிர் ஆசிரமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அந்நாளைய விதி. பகல் முழுதும் சமையற்கூடத்தில் பணி செய்த சாந்தம்மாள், சம்பூர்ணம்மாள், சுப்புலட்சுமி அம்மாள் போன்றோரும் அந்தியில் தம் இருப்பிடம் தேடி நடந்தவர்களே. பல நூறு பேருக்கு இலை போட்ட கைகளுக்கு, இரவில் அங்கே தலைசாய்க்க இடமில்லை.

இந்நிலையில்தான் பெரோசா தலையார்கான் அம்மையாரின் பணி பொருள் பெறுகிறது. அவர் பார்சி சமயத்தவர். தீயைத் தூய்மையின் வடிவாக வழிபடும் சமயத்தில் பிறந்தவர், தீயே மலையாக நின்றதென்று போற்றப்படும் தலத்திற்கு வந்து சேர்ந்தார். அவர் மொழி தமிழன்று. இவ்வூர் அவர் பிறந்த ஊரும் அன்று. அரச குடும்பத்தினர் பலரோடு அவருக்குப் பழக்கம் இருந்தது. அப்பழக்கத்தைத் தமக்கென ஒரு மாளிகை அமைத்துக்கொள்ளப் பயன்படுத்தியிருந்தால் ஊர் அதை இயல்பானதாகவே கருதியிருக்கும். அவரோ, வருவோர் தங்குவதற்கு இடம் வேண்டும் என்று கேட்டார். இன்றைய குஜராத்திலுள்ள மோர்வி சமஸ்தானத்தின் மன்னர் பொருள் உதவினார். 1940களில், ஆசிரமத்திற்கு எதிரே, செங்கம் சாலைக்கு அப்பால் ஒரு விருந்தினர் விடுதி எழுந்தது. மோர்வி விருந்தினர் இல்லம் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

விடுதியின் வாயிலில் செல்லும் சாலை செங்கத்திற்குச் செல்லும் சாலை. நன்னனின் ஊருக்குச் செல்லும் சாலை. மலைபடுகடாத்துக் கூத்தன் எதிர்வந்தவனுக்குச் சொன்ன 'சொந்த வீடுபோல் புகலாம்' என்ற உறுதி, பல நூற்றாண்டுகளுக்குப் பின், அதே திசை வழியில் ஒரு பார்சிப் பெண்ணால் மீண்டும் சொல்லப்பட்டது. 

விடுதியோடு அவர் பணி நிற்கவில்லை. இளமையில் ரமணர் தம்மை மறந்து தவமிருந்த பாதாள லிங்கக் குகை, அருணாசலேசுவரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தின் கீழ்ப் பகுதியில் உள்ளது. சிதைந்து கிடந்த அவ்விடம் அம்மையாரின் முயற்சியால் திருத்தப்பெற்று, 1949இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. இன்று கோயிலுக்கு வருவோர் படியிறங்கிச் சென்று கண்டு மீளும் இடம் அது. வருவோர் தங்க ஒரு வீடும், காண ஓர் இடமும் ஆகிய இரண்டையும் ஒரே பெண்ணின் முயற்சி இவ்வூருக்குத் தந்தது. தம் நினைவுகளை அவர் 1970இல் ஆங்கில நூலாகவும் வெளியிட்டார்.

இங்கே பெயர்களைப் பற்றி ஒரு சிந்தனை எழுகிறது. அண்ணாமலையார் கோயிலின் வடக்குக் கோபுரம் அம்மணி அம்மாள் கோபுரம் எனப்படுகிறது. செங்கம் அருகே சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள், நின்றுபோயிருந்த அக்கோபுரத் திருப்பணியை வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டி நிறைவேற்றியவர். 171 அடி உயரத்தில் நிற்கும் அக்கோபுரம் பொருள் கொடுத்தவர் பெயரால் வழங்கவில்லை; கேட்டவர் பெயரால் வழங்குகிறது. மலைமேல் உள்ள கந்தாசிரமமோ, புதர் வெட்டி, பாறை திருத்தி, அவ்விடத்தை உருவாக்கிய கந்தசாமி என்னும் அடியாரின் பெயரைத் தாங்கியுள்ளது. அது உழைத்தவர் பெயர். அடிவாரத்து விடுதி மட்டும் கொடுத்தவர் பெயரைத் தாங்கியது. 

கொடுத்தவர் பெயரைப் பொறிப்பது தமிழ்நாட்டின் தொன்மையான மரபு; கோயிற் கல்வெட்டுகள் பெரும்பாலும் கொடையாளர் பட்டியல்களே. ஆதலின் மன்னர் பெயர் விடுதிக்கு இடப்பட்டதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கொடுத்தலுக்கு முன் கேட்டல் என்று ஒன்று நிகழ்ந்தது என்பதை மறக்கலாகாது. இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், கேட்பதன் வலியை நன்கு உணர்ந்தவர். புலவர் மரபும் அதை உணர்ந்ததே. வள்ளல் வாயிலில் காத்து நின்ற பாடல்கள் புறநானூற்றில் பல. தனக்கெனக் கேட்பது எளிதன்று. பிறர்க்கெனக் கேட்பது, கேட்ட பின்னும் பெயரின்றி நிற்பது, அதனினும் அரிது. தலையார்கான் அம்மையார் ஆற்றுப்படை இலக்கியம் பாடியவர் அல்லர். ஆயினும் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படையின் அறத்தை வாழ்ந்து காட்டியவர்.

இந்த வரலாறு பழங்கதையாகப் போய்விடவில்லை என்பதற்கு அடி அண்ணாமலையே சான்று. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து இவ்வூர் வழியாகச் செல்கின்றனர். பாதையின் இருபுறமும் விடுதிகள் பெருகிவிட்டன. அறைக்கு வாடகை உண்டு, வெந்நீர் உண்டு, விலைப்பட்டியல் உண்டு. இவை யாவும் வேண்டியவையே. ஆனால் மலையடியில் வந்து தங்கும் வாழ்வு வாணிகமாகத் தொடங்கவில்லை. கணவனை இழந்த பெண்களும், கீரை பறித்த மூதாட்டியும், அயல்மொழி பேசிய ஓர் அம்மையாரும் பசித்தவரையும் இருட்டில் நின்றவரையும் கண்டு பொறுக்கமாட்டாமல் தொடங்கிவைத்த வாழ்வு அது. தொடக்கத்தை மறந்த ஊரில் விருந்தினர் வெறும் வாடிக்கையாளராகிவிடுவர். ஊரார் வெறும் கடைக்காரராகிவிடுவர். அந்த இழப்பு விடுதிக் கணக்கில் தெரியாது. இரவில் வந்து இறங்கும் தனிப்பெண்ணின் அச்சத்தில்தான் அது முதலில் தெரியும்.

கல்வெட்டு கொடையாளர் பெயரைக் காத்தது. சமைத்தவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் காப்பது கல்லின் வேலையாக இருந்ததில்லை; அது பாட்டின் வேலை. நன்னனின் மலையில் விருந்திட்ட குறமகளிரைப் பற்றி ஒரு கல்வெட்டும் பேசவில்லை. பெருங்கௌசிகனார் பாடினார், அதனால் அவர்கள் இன்றும் இருக்கின்றனர். பத்தாண்டுகள் கவிதை வளர்த்த வட்டத்தில் அடுத்த பத்தாண்டுக்கான பாடுபொருள் தேடும் கவிஞர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கீரைப்பாட்டியும் எச்சம்மாளும் முதலியார் பாட்டியும் பெரோசா தலையார்கானும் இம்மலையைச் சுற்றியே இருக்கின்றனர். கிரிவல இரவில், பாதையோரத்தில், அடுப்பருகே விழித்திருந்து நடந்து வந்தவர்க்கு இட்லி எடுத்து வைக்கும் பெண்ணின் பெயரைக் கேட்டறிந்து எழுதுவதிலிருந்தும் அந்தப் பாட்டைத் தொடங்கலாம்.